ரோடு பைக்கில் கேரியர் மாட்டலாமா? கோவையில் ஒரு சைக்கிளை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள், வாங்கிய பலருக்கும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பின்னால் ஒரு கேரியர் மாட்டிக்கொள்ளலாமா, கூடாதா? சிலரிடம் கேட்டால் மாட்டவே கூடாது என்பார்கள். சிலர் துளை இருந்தால் தாராளமாக மாட்டலாம் என்பார்கள். இரண்டுமே பாதிப் பதில்கள். என் அக்கா மகளின் சைக்கிளில் இதை அளந்து, கணக்குப் போட்டு, மாட்டி, ஓட்டிப் பார்த்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேரியர் மாட்டினோம், பாரத்துக்கு 8 கிலோ என்று ஓர் எல்லையும் போட்டோம். ஆனால் செலவில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குத்தான் போனது. அது ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சைக்கிளும் ஓட்டுபவரும்

அவள் வடவள்ளியில் இருக்கிறாள், வேலை சரவணம்பட்டியில். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். முதுகுப்பையில் லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், மாற்றுத்துணி, பூட்டு, மழைக்கோட்டு. எல்லாம் சேர்த்து 5 கிலோ. வெயில் காலத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு, சாயங்காலம் கழுத்து வலி. இது போக, கூட ஓட்டும் தோழிகளோடு வால்பாறைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வர வேண்டும் என்று ஆசை. அதற்கு 7, 8 கிலோ சாமான் ஆகும் என்று கணக்குச் சொன்னாள்.

சைக்கிள் சில வருடம் பழையது. அலுமினிய பிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கார்பன் ஃபோர்க், ரிம்மைப் பிடிக்கும் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர். முன்சக்கரத்தில் 20 ஸ்போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 24. பெடல் அச்சிலிருந்து பின் ஆக்ஸில் வரை 410 மில்லிமீட்டர். இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே 985 மில்லிமீட்டர். பின் ஆக்ஸிலுக்கு மேலே இருபுறமும் எம்5 திருகுத் துளை உண்டு. சீட்டுக்குக் கீழே, கேரியரின் மேல் கம்பி வந்து சேர வேண்டிய இடத்தில், துளை இல்லை.

இன்னொரு தகவலும் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கேரியரைவிடச் சக்கரத்தின் மேல் கவனம் போய்விட்டது. கேரியரே இல்லாத நிலையில், பின்சக்கரத்தில் கியர் பக்கக் கம்பி ஒன்று ஏற்கெனவே உடைந்து மாற்றியிருக்கிறார்கள். உடைந்தது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் கொக்கி போல வளைகிற இடத்தில். பள்ளத்தில் விழுந்து உடைந்தது இல்லை, வெறும் தார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது தானாகத் தெறித்தது.

குதிகால் எங்கே இடிக்கும்

பக்கவாட்டில் பை தொங்கவிடும் யாருக்கும் முதல் தடை குதிகால். பெடல் பின்பக்கம் முழுதாக வரும்போது குதிகால் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவள் பெடல் கை 170 மில்லிமீட்டர். பாதத்தின் முன்பகுதி பெடல் அச்சின் மேல் இருந்தால், ஷூவின் பின்முனை அங்கிருந்து இன்னும் 175 தள்ளி இருக்கிறது. ஆக, பெடல் அச்சு மையத்திலிருந்து 345 மில்லிமீட்டர் வரை கால் ஆள்கிற இடம். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் பை 365-இல்தான் தொடங்க முடியும். 30 சென்டிமீட்டர் அகலமான சாதாரணப் பக்கப் பை என்றால் அதன் நடுப்பகுதி 515-இல் வரும். பின் ஆக்ஸில் ஏறக்குறைய 405-இல் இருக்கிறது. அதாவது பையின் பாரம் ஆக்ஸிலுக்கு 11 சென்டிமீட்டர் பின்னால் போய் நிற்கிறது.

சர்லி நிறுவனத்தின் லாங் ஹால் டிரக்கர் மாதிரி நெடுந்தூரப் பயண சைக்கிளில் அந்த 410 என்பது 460 ஆக இருக்கும். அந்த ஐந்து சென்டிமீட்டர் எதற்கு என்று வெறும் அளவைப் பார்த்தால் புரியாது. பையை மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எடை எப்படிப் பிரிகிறது

இரண்டு குளியலறைத் தராசு எடுத்து, ஒன்றில் முன்சக்கரம், மற்றதில் பின்சக்கரம் வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டு அவளை ஓட்டும் நிலையில் உட்காரச் சொன்னேன். அவளும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோ. முன்னால் 28.5, பின்னால் 39.5. ரோடு பைக்கில் இப்படித்தான் வரும், பின்சக்கரத்துக்கு அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

இப்போது கேரியரும் பையும் சேர்த்து 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருப்பதால் 8 கிலோவையும் பின்சக்கரம் சுமப்பதோடு நிற்காது. முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்த எடையையும் தன் மேல் வாங்கிக்கொள்ளும். கணக்குப்படி பின்சக்கரத்துக்கு 8.9 கிலோ கூடுகிறது, முன்சக்கரத்துக்கு 0.9 குறைகிறது. புதிய நிலை: முன்னால் 27.6, பின்னால் 48.4. அப்புறம் பையை மாட்டி நிறுத்துப் பார்த்தோம், அரை கிலோவுக்குள் ஒத்துப்போனது.

மொத்த எடை கூடியது 12 சதவீதம்கூட இல்லை. பின்சக்கரத்தின் எடை கூடியது 22 சதவீதத்துக்கு மேல். ஏறக்குறைய இரு மடங்கு. கேரியர் பற்றிப் பேசுகிற பெரும்பாலானோர் முதல் எண்ணை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். சக்கரத்துக்குத் தெரிந்தது இரண்டாவது எண்தான்.

அதே 8 கிலோவை முதுகில் மாட்டினால் அது அவள் உடம்பைப் போலவே இரண்டு சக்கரத்துக்கும் பிரியும், பின்னால் 4.6 கிலோவாக்கில். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பள்ளம் வந்தால் ஓட்டுபவர் சீட்டிலிருந்து லேசாக எழுவார், முழங்காலும் முழங்கையும் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். முதுகுப்பையும் கூடவே எழும். கேரியரில் இருக்கும் பாரம் எழாது. அடி அப்படியே கம்பிக்குப் போகும். அதனால் முதுகுப்பை சக்கரத்துக்கு நல்லது, முதுகுக்குக் கெட்டது. வேர்க்குருவும் கழுத்து வலியும் உள்ள ஒரு பெண்ணிடம் சக்கரத்தின் நலனுக்காக முதுகில் சுமக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரத்தை மாற்ற முடியும்.

கம்பி ஏன் உடைகிறது

உக்கடம் பக்கம் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். பால்காரர்கள், இளநீர்க்காரர்கள் என்று பாரம் ஏற்றும் சைக்கிள்களுக்கே காலமெல்லாம் கோட்டம் எடுத்தவர். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனோம். கையில் வாங்கி, கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பார்த்தார்.

“அம்மணி, கேரியர் தாங்குமுங்க. அதுல சந்தேகமே இல்லீங்க. இந்தக் கம்பி தாங்கோணுமில்ல?” என்றார் அவளிடம்.

“எவ்வளவு தாங்கும் தாத்தா?”

“இது ஆளுக்குப் போட்ட வீலு கண்ணு. மூட்டைக்குப் போட்டதில்லீங்க.”

அவர் சொன்னதை இயந்திரவியலாகச் சொன்னால் இப்படி. சக்கரத்தில் எல்லாக் கம்பியும் இழுத்து முறுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் உருளும்போது தரைக்கு நேர் மேலே வரும் கம்பிகள் கொஞ்சம் தளர்கின்றன, தாண்டியதும் மறுபடி இறுகுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 முறை இப்படி நடக்கும். அவள் ஒரு நாள் வேலைக்குப் போய் வந்தால் பதினாலாயிரம் முறைக்கு மேல். பாரம் கூடக்கூட ஒவ்வொரு தளர்ச்சியும் ஆழமாகும். கம்பி எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு கம்பியின் பங்கும் கூடும். உலோகம் இழுபட்டு அறுவதில்லை, இப்படி இறுகித் தளர்ந்து களைத்து உடைகிறது. அதனால்தான் பள்ளம் எதுவும் இல்லாத இடத்தில் தெறித்தது.

பின்சக்கரத்தில் இன்னொரு சிக்கல். வலது பக்கம் கியர்ப் பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலது பக்கத்தை மிக இறுக்கமாகவும் இடது பக்கத்தை அதில் பாதியை ஒட்டிய அளவிலும் வைத்தாக வேண்டும். இடது பக்கம் ஏற்கெனவே தளர்வு. பாரம் ஏறினால் அந்தக் கம்பிகள் ஒரு கணம் முழுதாகவே தொய்ந்துபோகும், கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் மெல்லத் திருகிக் கழலும், அப்புறம் ரிம் ஆடத் தொடங்கும்.

நம் ஊர் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள், அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்றவர்கள் லட்சக்கணக்கில் செய்து விற்ற அந்த வகை, பின்சக்கரத்தில் 40 கம்பியும் முன்சக்கரத்தில் 32 கம்பியும் வைத்திருந்தது. அகலமான டயர், நீண்ட பிரேம், ஆக்ஸில் நட்டிலேயே மாட்டிய தடித்த கம்பிக் கேரியர். பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கேரியர் என்றதும் நம் மனதில் வருவது அந்தச் சைக்கிள். அதில் கேரியர் சும்மா கடைசியில் ஒட்டிய உறுப்பு இல்லை, முழு வண்டியுமே பாரத்தை எண்ணிச் செய்தது. ரோடு பைக்கில் அந்த 40 கம்பிக்குப் பதில் 24 இருக்கிறது. அந்த வண்டியின் நினைவை வைத்து இந்த வண்டியில் பாரம் ஏற்றக் கூடாது.

வேறு வழிகள் பார்த்தோமா

பார்த்தோம். சீட்டைத் தாங்கும் குழாயில், அதாவது சீட்போஸ்ட்டில், கவ்விப் பிடிக்கும் கேரியர்தான் அவளுக்கு முதலில் பிடித்திருந்தது, ஒரே ஒரு திருகு, ஐந்து நிமிட வேலை. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. பாரம் முழுவதும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கைபோல அந்தரத்தில் நிற்கிறது. பள்ளத்தில் அதன் இழுப்பு பல மடங்காகும், ஓட்டும்போது பக்கவாட்டில் ஆடி சீட்போஸ்ட்டையே திருப்பிவிடும். பக்கப் பை மாட்டினால் சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கக் கீழே கம்பியும் இல்லை. இரண்டு மூன்று கிலோ மழைக்கோட்டும் பழமும் வைக்க அது சரி. கார்பன் சீட்போஸ்ட் என்றால் அதுவும் வேண்டாம்.

சீட்டுக்குப் பின்னால் நீளமாகக் கட்டும் பயணப் பை இப்போது நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். இரவு பகலாக 300, 400 கிலோமீட்டர் பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவர்களுக்கு மிக நல்ல ஏற்பாடு. அவள் உயரம் குறைவு. சீட்டுக்கும் டயருக்கும் இடையே 18 சென்டிமீட்டர்தான் இருந்தது, பை டயரில் உரசும். லேப்டாப்பும் அதில் போகாது.

பிரேமில் துளையே இல்லாதவர்களுக்கு ஆக்ஸிலிலேயே கேரியரை மாட்டும் வகைகள் உண்டு. ஜெர்மனியின் டூபஸ் இதற்கான இணைப்புகள் செய்கிறது. இங்கிலாந்தின் டெயில்ஃபின், அமெரிக்காவின் ஓல்டு மேன் மவுண்டன் ஆகியவை திருகு ஆக்ஸிலில் உட்காரும் கேரியர்களே செய்கின்றன. பாரம் பிரேமைத் தொடாமல் நேராக ஆக்ஸிலுக்குப் போவதால் யோசனை நல்லது. விலை அதிகம், இங்கே வரவழைக்கவும் வேண்டும். அவள் பிரேமில் கீழ்த் துளை இருந்ததால் அது தேவைப்படவில்லை.

முன்பக்கக் கேரியரைப் பற்றி ஒரே வரி: துளையில்லாத கார்பன் ஃபோர்க்கில் எதையும் கவ்வ வைக்காதீர்கள். கார்பன் பிரேமின் பின் குழாய்களுக்கும் இதேதான். குழாய் நீளவாக்கில் வரும் பாரத்தைத் தாங்கும்படி இழைகளை அடுக்கியிருப்பார்கள், பக்கவாட்டில் வளையம் போட்டு இறுக்கினால் உள்ளே நசுங்குவது வெளியே தெரியாது.

கேரியரில் ‘25 கிலோ’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். சைக்கிள் கேரியர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 11243 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது, அதிகபட்சப் பாரத்தைக் கேரியரிலேயே குறிக்க வேண்டும். அந்த எண் கேரியரைப் பற்றியது மட்டுமே. உங்கள் பிரேமின் துளையைப் பற்றியோ 24 கம்பியைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளோடு வந்த கையேட்டில் அந்தத் துளை மட்காட்டுக்கு மட்டுமா, கேரியருக்கும் சேர்த்தா என்று இருக்கும். இவள் கையேட்டில் கேரியருக்கும் என்று இருந்தது. இல்லாதிருந்தால் இந்த ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும்.

செய்தது

முதலில் சக்கரம். பெரியவர் 32 துளை ஹப், இரட்டைச் சுவர் ரிம், 2 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பி வைத்து, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைக் குறுக்கே தாண்டும்படி புதிதாகப் பின்னிக் கொடுத்தார். பின்னி முடித்ததும் கம்பிகளை இரண்டு கையாலும் அழுத்தி, அவை ஹப்பில் சரியாக உட்கார்ந்த பிறகு மறுபடி கோட்டம் பார்த்தார். இந்த அழுத்தும் வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே சக்கரம் தளரும். முன்சக்கரத்தைத் தொடவில்லை. அதன் பாரம் கூடவே இல்லையே.

டயர் 25-இலிருந்து 28-க்கு மாறியது. அந்தப் பிரேமில் அதற்கு மேல் நுழையாது. மூன்று மில்லிமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் டயரின் குறுக்குவெட்டுப் பரப்பு 25 சதவீதம் கூடுகிறது. பின்சக்கரத்தின் பாரம் கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் காற்றை எக்கச்சக்கமாக ஏற்றாமலே ரிம் அடிபடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. பின்னால் 85 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கி, கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

கேரியர் இரும்புக் குழாயில் செய்தது, பக்கத்துக்கு மூன்று கால். அலுமினியத்தில் எடை குறைந்தது கிடைக்கும். எனக்கு இரும்புதான் விருப்பம், பொள்ளாச்சியிலோ ஆழியாறிலோ கால் விட்டுப்போனாலும் ஒரு வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளலாம்.

மேல் துளை இல்லாத குறைக்கு, சீட்போஸ்ட்டை இறுக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, இருபுறமும் திருகுத் துளை வைத்த வளையம் ஒன்றைப் போட்டோம். மாட்டும்போது மூன்று இடத்தில் நேரம் பிடித்தது. மேல் கம்பிகள் பிரேக்கின் கைகளுக்கு நடுவே புகுந்து போனதால் பிரேக் முழுதாகத் திறக்கவில்லை, அவற்றை வெளிப்பக்கமாக வளைத்து விட்டோம். அடுத்தது, வலது கீழ்த் துளையில் போட்ட போல்ட்டின் முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. சங்கிலி மிகச் சிறிய பல்லில், அதாவது 11-இல், ஓடும்போது அதில் உரசும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் சங்கிலி சிக்கிப் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். சரியான நீளத்துக்கு போல்ட்டை வெட்டி, முனையை அரத்தால் தேய்த்துப் போட்டோம். கடைசியாக, சீட்போஸ்ட்டில் இருந்த சிவப்பு விளக்கைப் பை மறைத்தது. கேரியரின் பின்தட்டில் விளக்குக்கென்று துளைகள் இருந்தன, அங்கே மாற்றினோம். ராத்திரி சத்தி ரோட்டில் வருகிற பெண்ணுக்கு இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

எல்லாத் திருகிலும் திருகு தளராமல் பிடிக்கும் நடுத்தர வலுவுள்ள லாக்டைட் பசை ஒரு சொட்டு, வாஷர், 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அலுமினியத் துளையில் இதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும். மரை போன பிரேமைச் சரிசெய்வது பெரிய பாடு.

ஓட்டிப் பார்த்தது

மருதமலை அடிவாரச் சாலையில் காலை நேரத்தில் பார்த்தோம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வாங்கிப் பையில் வைத்தால், கேரியரை நீக்கியே 8 கிலோ. எல்லையைவிடக் கொஞ்சம் கூடவே வைத்துச் சோதித்தோம். முதல் இறக்கத்திலேயே ஒரு கையை எடுத்தால் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கியது. சைக்கிள் பின்னால் கனத்து முன்னால் லேசானால், அதிலும் பாரம் கேரியரில் தளர்வாக ஆடினால், இந்த நடுக்கம் வரும். அப்படி வந்தால் பதறி முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை நெருக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். இதை அவள் பயமில்லாத வேகத்தில் பழகிக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் அங்கே கூட்டிப்போனேன்.

காரணம் பையின் கொக்கிகள்தான். கேரியர் குழாயைவிடக் கொக்கியின் வாய் அகலம். பழைய டியூபை வெட்டிக் குழாயில் சுற்றிக் கொக்கியை இறுக்கமாக்கினோம், கனமான பொருளைப் பையின் அடியில் முன்மூலைக்கு நகர்த்தினோம். நடுக்கம் பெருமளவு போய்விட்டது.

வேலைக்குப் போகும் 5 கிலோவுக்கு ஒரே ஒரு பை, இடது பக்கம். நாம் சாலையில் இடது ஓரமாகப் போகிறோம், பஸ்ஸும் லாரியும் வலப்பக்கம் உரசிக்கொண்டு போகின்றன. பை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. இடது பக்கம் கியரும் இல்லாததால் பை எதிலும் சிக்காது. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருப்பது ஓடும்போது தெரியவில்லை, தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் சாய்த்து நிறுத்தும்போதும்தான் தெரிகிறது. சைடு ஸ்டாண்டு கேட்டாள். மெல்லிய அலுமினியக் குழாயைக் கவ்வி நெரிக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். சுவரில் சாய்த்து, பின் பிரேக்கை ஒரு ரப்பர் பட்டையால் பிடித்துக் கட்டிவிட்டால் நகராமல் நிற்கிறது.

வால்பாறை

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். நானும் கூடப் போனேன். இங்கேதான் கணக்கில் விட்டுப்போன ஒன்று தெரிந்தது. ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கும்போது எடை மேலும் பின்னால் சாய்கிறது. பத்துக்கு ஒன்று ஏற்றமென்றால், எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்சக்கரத்திலிருந்து இன்னும் 7.7 கிலோ பின்னால் போகும். 27.6 என்பது 20 ஆகிறது. வளைவுகளின் உட்புறம் செங்குத்து அதிகம், அங்கே முன்சக்கரம் ஒரு நேரில் நிற்காமல் அலைந்தது. எழுந்து நின்று மிதித்தால் கேரியர் பாரம் பின்னாலிருந்து வண்டியை இருபுறமும் இழுத்தது.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி, தண்ணீர், தின்பண்டம், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவைப் பின்பையிலிருந்து எடுத்து ஹேண்டில்பார் பைக்கு மாற்றினோம். கணக்குப்படி முன்னால் 29.3, பின்னால் 46.7. பாரமில்லாத சைக்கிளைவிட முன்பக்கம் கொஞ்சம் கூடுதல். அதற்குப் பிறகு அந்த அலைச்சல் இல்லை. இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பின்னால் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் முன்னால் ஒரு கிலோவாவது ஏற்றுங்கள்.

கியர் விஷயத்தில் ஒரு நல்ல பொருத்தம் அமைந்தது. பின்னால் பெரிய பல் 28 ஆக இருந்ததை 32 ஆக்கியிருந்தோம், கியர் மாற்றியின் கை நீளம் அதற்கு இடம் கொடுத்தது. அது மிதியை 12.5 சதவீதம் லேசாக்குகிறது. மொத்த எடை கூடியதும் 12 சதவீதம்தான். அவள் சொன்னாள், “மாமா, ஏத்தத்துல பை இருக்கிறதே தெரியல. நெட்டா இருக்கிற எடத்துல மட்டும் ஹேண்டில் லேசா இருக்கு.” நான் எதிர்பார்த்ததும் அதுவே.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும், அதனால் விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் பரிசோதித்தோம். இடது கீழ் போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. சக்கரத்தில் கோட்டம் இல்லை. கம்பிகளைத் தட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க ஒரே மாதிரி ஒலித்தன. பெரியவரிடம் காட்டினோம், இன்னும் சில மாதம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

எல்லை எங்கே

இந்தச் சைக்கிளுக்கு நான் போட்ட எல்லை, பின்னால் கேரியரும் சேர்த்து 8 கிலோ. அவள் எடை 58 என்பதால் இது சரியாக வருகிறது. 85 கிலோ உள்ள ஒருவர் அதே 24 கம்பிச் சக்கரத்தில், கேரியரே இல்லாமல், இவளுடைய பாரம் ஏற்றிய சைக்கிளைவிடக் கூடுதல் எடையைப் பின்சக்கரத்தில் வைக்கிறார். ஆகவே கேரியருக்கான பதில் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் தராசில் ஏறிப் பாருங்கள், அப்புறம் பின்சக்கரக் கம்பிகளை எண்ணுங்கள். துளை இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி.

கார்பன் பிரேம், 20 அல்லது 24 கம்பிச் சக்கரம், 25-க்கு மேல் டயர் நுழையாத இடம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் கேரியர் வேண்டாம் என்றே சொல்வேன். சீட்டுப் பை ஒன்று, ஹேண்டில்பார் பை ஒன்று, அதில் அடங்கும் சாமான் போதும்.

இப்போது அவள் கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு மூணாறு போகலாமா என்று கேட்டிருக்கிறாள். 15 கிலோ வரும். கணக்குப் போட்டுக் காட்டினேன்: பின்னால் 56, முன்னால் 27-ஐயே தொடாது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சக்கரத்தில். 32 கம்பி அதைத் தாங்கக்கூடும். ஆனால் ஆக்ஸிலுக்குப் பின்னால் 11 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் பாரத்தை அந்தக் குட்டைப் பிரேம் மலை இறக்கத்தில் நேராகப் பிடித்து வைக்காது. அந்தப் பயணத்துக்குப் பெடல் அச்சிலிருந்து பின் ஆக்ஸில் வரை நீளமான, ஃபோர்க்கிலும் துளையுள்ள இரும்புச் சைக்கிள் ஒன்று வேண்டும். பழையதாகக் கிடைக்குமா என்று பெரியவரிடமே சொல்லி வைத்திருக்கிறோம்.